ஆறாவது வாரத்திலேயே தரை தட்டிவிட்டது: முதலாம் ஆண்டை எப்படிக் கடந்தீர்கள்?

#1 கரைதேடி
ஞாயிறு, இரவு 11.40

பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. பள்ளியில் கணக்கில் என்னை யாரும் முந்தியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, இனி சொல்லப்போவதற்கு அது தேவைப்படுகிறது. போன புதன்கிழமை முதல் உள்தேர்வுத் தாள் திரும்பி வந்தது. 40-க்கு 11.

தாளை நான்காக மடித்துப் பையின் பக்கவாட்டு அறையில் வைத்தேன். அன்றிலிருந்து பேனா எடுக்கக் கை விடும்போதெல்லாம் அந்த மடிப்புதான் விரலில் படுகிறது. எடுத்துப் பார்க்கவும் மனமில்லை, தூக்கி எறியவும் மனமில்லை.

வகுப்பில் 180 பேர். யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது, என் பெயரும் யாருக்கும் தெரியாது. சாப்பிடும் இடத்தில் தனியாக உட்கார்ந்து போனைப் பார்க்கிறேன். போனில் பார்க்க ஒன்றுமில்லை. இன்றைய வானிலையை நாலு முறை பார்த்தேன். இரவு வீட்டிலிருந்து பேசினால் "நல்லா இருக்கேன்" என்கிறேன். அதைச் சொல்லி வைத்த பிறகுதான் அழுகை வருகிறது.

கேள்வி இதுதான். நான் இந்த இடத்துக்குத் தகுதி இல்லாதவளா? இல்லை, எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமா? விட்டுவிடுவதென்றால் இன்னும் காலம் வீணாவதற்கு முன் இப்போதே விட்டுவிடலாமா?


#2 கடைசிபெஞ்ச்
ஞாயிறு, இரவு 11.52

எல்லாருக்கும் இப்படித்தான் தம்பி. இரண்டாம் செமஸ்டரில் பழகிவிடும். போய்த் தூங்கு.


#3 கரைதேடி
ஞாயிறு, இரவு 11.55

தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி. "தகுதி இல்லாதவளா" என்றுதானே எழுதியிருக்கிறேன்!


#4 மூன்றாம்மாடி
திங்கள், காலை 6.20

கடைசிபெஞ்ச், கோபித்துக்கொள்ளாதீர்கள். "பழகிவிடும்" என்று எனக்கும் சொன்னார்கள். நானும் நம்பிக் காத்திருந்தேன். பழகியது என்னவோ தனியாக இருப்பதுதான். ஒரு வருடம் முழுக்க மூன்றாம் மாடி அறையிலிருந்து வகுப்பு, வகுப்பிலிருந்து அறை. இந்தப் பெயர் அப்படி வந்ததுதான்.

கரைதேடி, மார்க் விஷயத்தை ஆசிரியர் யாராவது வந்து பேசட்டும். நான் நட்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அவர் பின்தொடர்ந்தவர்களில் புதிதாகச் சேர்ந்த முதலாண்டு மாணவர்களும் உண்டு. முகம் தெரிந்தவர் ஓரளவு நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம். நண்பர் என்று சொல்ல 90. நெருங்கிய நண்பராக 200-க்கு மேல். இதில் முக்கியமான இடம் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த நேரம் அந்தக் கணக்கில் அவ்வளவாக ஏறவில்லை. வேலை இல்லாமல் சும்மா கழித்த நேரம்தான் ஏறியது.

இப்போது உங்கள் ஆறு வாரத்தைப் பாருங்கள். 180 பேரோடு உட்கார்ந்திருக்கிறீர்கள், ஒருவரோடும் சும்மா இருந்ததில்லை. பள்ளித் தோழி உங்களுக்கு எப்படித் தோழியானாள்? பத்து வருடம் ஒரே வகுப்பு, ஒரே வழி, ஒரே மழைக்கு ஒதுங்கியது. அந்த மணிகளை யாரும் எண்ணவில்லை, தானாகச் சேர்ந்தன. இங்கே அது பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது. ஆள் சரியில்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது.

நான் இரண்டாம் ஆண்டில் செய்தது ஒரே ஒரு காரியம். தினமும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தேன். முன்னாலிருந்து நாலாவது வரிசை, சுவரோரம். மூன்றாவது வாரம் பக்கத்து இருக்கைக்காரி "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்டாள். நான் வராததை ஒருத்தி கவனித்திருக்கிறாள்! அறைக்கு வந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.


#5 சுண்ணக்கட்டி
திங்கள், மாலை 7.05

இருபது வருடமாக முதலாம் ஆண்டுத் தாள்களைத் திருத்துகிறவன் பேசுகிறேன். 11 என்ற எண் எனக்கு எதுவும் சொல்லாது. எங்கே போனது அந்த 29 என்பதுதான் சொல்லும். தாளைப் பிரித்துப் பாருங்கள் அம்மா. மடித்து வைத்தால் அது வெறும் அவமானம். பிரித்தால்தான் அதிலிருந்து ஏதாவது தெரியவரும்.

பள்ளியில் நன்றாகப் படித்தவர்கள்தான் இங்கே முதலில் சறுக்குகிறார்கள் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மூளை குறைந்துபோவதில்லை. படிக்கும் முறை பழையதாகவே இருக்கிறது. பள்ளியில் ஒரே பாடத்தை ஆசிரியர் மூன்று முறை நடத்துவார், திருப்புதல் தேர்வு வைப்பார், தப்பை அடுத்த நாளே பிடிப்பார். உங்கள் நேரத்தை இன்னொருவர் காவல் காத்தார். இங்கே அந்தக் காவலாளி இல்லை. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முழு நேர மாணவருக்கு ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. மொத்தம் 1500 முதல் 1800 மணி. வகுப்பில் உட்காரும் நேரம் அதில் ஒரு பங்குதான். மிச்சத்தை எப்போது, எங்கே செய்ய வேண்டும் என்று கால அட்டவணையில் கட்டம் போட்டிருக்காது. புதிதாக வருகிறவர்கள் அந்த வெற்றுக் கட்டங்களை ஓய்வு என்று நினைத்துவிடுகிறார்கள்.

சரி, அந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள்? நோட்டைத் திரும்பத் திரும்பப் படிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையை என் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். ஒரு சிறு பகுதியை மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் அதையே மறுபடி படித்தது. இன்னொரு கூட்டம் மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள்தான் மேல்: 81 விழுக்காடு, மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கதை தலைகீழ். மறுபடி படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. அந்த ஐந்து நிமிட வெற்றிதான் ஆளை ஏமாற்றுவது. தேர்வுக்கு முந்தைய இரவு எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும்.

அப்புறம், கடைசிபெஞ்ச் சொன்னதை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். "எல்லாருக்கும் இப்படித்தான்" என்ற செய்திக்கு வேலை செய்யும் சக்தி உண்டு. வால்டன், கோஹன் என்ற இருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு அது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் புதிய மாணவர்களுக்கு ஒரு மணி நேரம், மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் ஒட்டாமல் இருந்தது, நாளடைவில் சரியானது என்ற கதைகள். பிறகு அதைத் தங்கள் சொந்த அனுபவத்தோடு சேர்த்து எழுதச் சொன்னார்கள். கறுப்பின மாணவர்களுடைய மதிப்பெண் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்தது. மற்றவர்களோடு இருந்த இடைவெளி ஏறக்குறைய பாதியானது. ஆனால் பாருங்கள், அங்கே முழுக் கதையும் இருந்தது. ஒற்றை வரியில் சொல்லித் தூங்க அனுப்பவில்லை.

கரைதேடிக்கு ஒரு வேலை தருகிறேன். அந்தப் பாடம் எடுப்பவர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கிய நேரம் எது என்று பாருங்கள். தாளோடு போங்கள். "ஒன்றும் புரியவில்லை" என்று தொடங்காதீர்கள், அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. "இந்த வரி வரை எனக்குத் தெரிகிறது, இதற்கு அடுத்தது ஏன் தப்பு?" என்று விரல் வைத்துக் கேளுங்கள். அந்த நேரத்தில் நாங்கள் பெரும்பாலும் தனியாகத்தான் உட்கார்ந்திருப்போம். தேர்வுக்கு முந்தைய நாள் வரை கதவை யாரும் தட்டுவதில்லை.


#6 கரைதேடி
திங்கள், இரவு 10.30

சார், பிரித்துவிட்டேன். மூன்றாவது கேள்வியில் ஐந்தாவது வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் சின்னதாக ஒரு கேள்விக்குறி. அதற்குக் கீழே முழுக்க அடித்திருக்கிறது. அந்த வரியில் என்ன தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் போய்க் கேட்கப் பயமாக இருக்கிறது. "இதுகூடத் தெரியாமலா வந்தாய்?" என்று கேட்டுவிட்டால்?


#7 சுண்ணக்கட்டி
திங்கள், இரவு 10.41

கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். அப்படிக் கேட்டால் பயிற்சி வகுப்பு எடுக்கும் இளையவர்களிடம் போங்கள். ஒரு கதவு மூடியிருந்தால் கட்டடமே மூடியிருப்பதாக ஆகாது. ஆனால் பென்சிலில் கேள்விக்குறி போடுகிறவர் அப்படிப்பட்டவராக இருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். சிவப்பு மையில் அடித்துவிட்டுப் போயிருக்கலாமே.


#8 வாரயிறுதிப்பயணி
செவ்வாய், மதியம் 1.15

என் வைத்தியம் எளிது. வெள்ளி மாலை பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன். ஞாயிறு இரவு திரும்புவேன். முதலாண்டு முழுக்க அப்படித்தான். யார் என்ன சொன்னாலும் வீடு வீடுதான். தூரம் இடம் கொடுத்தால் போய்வா தங்கச்சி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.


#9 மூன்றாம்மாடி
செவ்வாய், மதியம் 2.00

வெட்கம் இல்லைதான். ஆனால் விடுதியில் சும்மா கழியும் நேரம் சனியும் ஞாயிறும்தான். துணி காயப்போடும்போது, தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது பேசுவதுதான் பேச்சு. ஒவ்வொரு வாரமும் அந்த இரண்டு நாளும் இல்லையென்றால் அந்த 90 மணி எப்போது சேரும்? உங்களுக்கு நண்பர்கள் அமைந்தார்களா?


#10 வாரயிறுதிப்பயணி
செவ்வாய், மதியம் 2.40

இரண்டாம் ஆண்டில். நீங்கள் கேட்ட பிறகுதான் இதை யோசிக்கிறேன்.

ஆனால் வீட்டு ஏக்கத்தை லேசாக எடுக்காதீர்கள். 1688-இல் பாசெல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் இதை ஒரு நோய் என்றே ஆய்வேடு எழுதினார். திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி அவர் செய்த பெயர்தான் 'நாஸ்டால்ஜியா'. அவர் விவரித்த நோயாளிகளில் வீட்டை விட்டுப் படிக்கப் போன மாணவன் ஒருவனும் உண்டு. கவலைக்கிடமாகி வீட்டுக்கு அனுப்பினார்கள், போகும் வழியிலேயே தேறத் தொடங்கிவிட்டான். முந்நூறு வருடத்துக்கு முன்னாலேயே என் கட்சிக்கு ஓர் ஆள் இருந்திருக்கிறார்.


#11 மூன்றாம்மாடி
செவ்வாய், மதியம் 2.52

சிரித்துவிட்டேன். சரி, சமரசம்: ஒன்றுவிட்டு ஒரு வாரம்.


#12 இரவுமொழி
செவ்வாய், இரவு 9.10

யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். நான் பள்ளியில் படித்தது ஒரு மொழி, பல்கலைக்கழகத்தில் பாடம் நடந்தது வேறு மொழி. முதல் இரண்டு மாதம் என்னை முட்டாள் என்றே முடிவு கட்டியிருந்தேன். நடந்தது வேறு. அவர் ஒரு வாக்கியம் சொல்வார். அதை நான் தலைக்குள் என் மொழிக்கு மாற்றி முடிப்பதற்குள் அவர் மூன்று வாக்கியம் தாண்டியிருப்பார். பிடிக்க ஓடினால் நாலாவதும் போய்விடும். வகுப்பு முடியும்போது நோட்டில் பாதிப் பாதி வாக்கியங்கள்.

அகராதியை வைத்து மொத்த மொழியையும் கற்கப் புறப்பட்டுத் தோற்றேன். பிறகு ஒரு சீனியர் சொன்னபடி, முந்தைய இரவு அடுத்த நாள் பாடத்தின் பக்கங்களைப் புரட்டி, தெரியாத கலைச்சொற்களை மட்டும் எழுதிக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஏழெட்டுதான் இருக்கும். பொருள் முழுக்கப் புரிய வேண்டாம், முகம் தெரிந்தால் போதும். மறுநாள் அந்தச் சொல் காதில் விழும்போது தடுக்கி விழ மாட்டோம். ஒவ்வொரு பாடத்துக்கும் அடிக்கடி வரும் சொற்கள் குறைவு, அவையே திரும்பத் திரும்ப வரும். நான்காவது மாதம் வகுப்பில் எல்லாரும் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். முதல்முறையாக நகைச்சுவை எனக்கும் அதே நேரத்தில் புரிந்தது.

கேள்வி கேட்கவும் அதே பயம் இருந்தது. ஆங்காங்கே இலக்கணம் உடைந்தாலும் கேட்டேன். கேள்விக்குத்தான் பதில் வந்தது. என் இலக்கணத்தைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை.


#13 பாதிவழி
புதன், காலை 8.30

"விட்டுவிடலாமா" என்று கேட்டதற்கு ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை. நான் விட்டவன். ஒரு வருடம் முடித்து, துறை மாறி, புதிதாகத் தொடங்கினேன். வருத்தமில்லை. அதனால் விடுவதே தப்பு என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆறாவது வாரத்தில், 11 மார்க் வாங்கிய வாரத்தில், தனியாகச் சாப்பிட்டுவிட்டு வந்து முடிவெடுக்காதீர்கள். என்னை நானே கேட்டது இது: மார்க்கும் ஆட்களும் நன்றாக இருந்தால் இந்தப் பாடத்தை விரும்பிப் படிப்பேனா? எனக்கு "இல்லை" என்று வந்தது. நண்பர்கள் இருந்தார்கள், மார்க்கும் மோசமில்லை, பாடம்தான் கசந்தது. உங்கள் விஷயம் நேர்மாறாகத் தெரிகிறது. கணக்கு பிடிக்கவில்லை என்று எங்கேயும் நீங்கள் எழுதவில்லை.

இன்னொன்று. விலகவோ மாறவோ கடைசித் தேதி எது, அதுவரை கட்டிய பணம் என்னாகும், எடுத்த கிரெடிட் செல்லுமா என்று விதிமுறையைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். விலகுவதற்காக அல்ல. கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் அறைக்குள் நிம்மதியாக உட்காரலாம், எனக்கு அப்படித்தான் இருந்தது.


#14 கடைசிபெஞ்ச்
புதன், இரவு 11.20

இரண்டு நாளாக எல்லாரும் என்னைத் திட்டியதைப் படித்தேன். சரி, முழுக் கதையையும் சொல்கிறேன். எனக்கு முதல் வருடம் இரண்டு அரியர். வீட்டில் சொல்லவில்லை. பழகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட வார்த்தை அது, அதையே தங்கச்சிக்கும் சொல்லிவிட்டேன்.

என் வியாதி தனிமை இல்லை, கூட்டம். எந்த நேரமும் யாராவது கூப்பிடுவார்கள், எழுந்து போய்விடுவேன். ஒப்படைப்புக்கு "இரண்டு நாள் போதும்" என்பேன். மூன்றாவது நாள் விடியற்காலை நாலு மணிக்கு எழுதிக்கொண்டிருப்பேன். இது எனக்கு மட்டும் இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. 1994-இல் கனடாவில் இறுதியாண்டு மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சராசரி 34 நாள் என்று வந்தது. எல்லாமே சொதப்பினால்? 49 நாள். உண்மையில் ஆனது 55-க்கு மேல். மோசமான கணக்கே போதவில்லை! அதிலிருந்து எனக்குத் தோன்றுகிற நாளை இரட்டிப்பாக்கி எழுதி வைக்கிறேன். கேலி செய்வார்கள், செய்யட்டும். மூன்றாம் ஆண்டில் அரியர் இல்லை.

தூங்கச் சொன்னதை மட்டும் திரும்பப் பெற மாட்டேன். 18 முதல் 25 வயதுக்கு 7 முதல் 9 மணி நேரம் என்கிறார்கள். அந்த நாலு மணி விடியற்காலையில் எழுதியதை இப்போது படித்தால் யாரோ எழுதியது போல இருக்கிறது.


#15 இரவுமொழி
புதன், இரவு 11.31

கடைசிபெஞ்ச், இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்கலாமே!

கரைதேடி, ஒரு விஷயம் மட்டும். அழுகை தினமும் வருகிறது, சாப்பிட முடியவில்லை, தூக்கம் இல்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால் இங்கே எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். மாணவர் ஆலோசகரோ மருத்துவரோ, நேரில் ஒருவரைப் பாருங்கள்.


#16 கரைதேடி
அடுத்த வாரம் வியாழன், மாலை 6.45

போனேன்.

முதல் நாள் கதவைத் தாண்டி இரண்டு முறை நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அடுத்த நாள் கதவு திறந்திருந்தது, அவரே பார்த்துவிட்டார், வேறு வழியில்லை. தாளை நீட்டி, விரல் வைத்து, சார் சொன்ன மாதிரியே கேட்டேன்.

அது ஒரு வகைக்கெழுச் சமன்பாடு. நான் இரண்டு பக்கத்தையும் ஒய்-ஆல் வகுத்துவிட்டு மளமளவென்று போயிருந்தேன். பள்ளியில் எப்போதும் அப்படித்தான் செய்வோம். அவர் பென்சிலை அந்தக் கேள்விக்குறி மேலேயே வைத்து, "ஒய் பூஜ்ஜியமாக இருந்தால்?" என்றார். அவ்வளவுதான். நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பூஜ்ஜியத்தால் வகுக்கக் கூடாது என்பது ஆறாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும். ஒய் பூஜ்ஜியம் என்பதே அந்தச் சமன்பாட்டுக்கு ஒரு தீர்வு. அதை நான் அடித்துத் துரத்திவிட்டு மிச்சத்தை எழுதியிருக்கிறேன். "முறை தெரிகிறது. எப்போது அந்த முறை செல்லும் என்று எழுதவில்லை. இங்கே அதற்குத்தான் மார்க்" என்றார். "இதுகூடத் தெரியாமலா?" என்று கேட்கவில்லை. அப்புறம் இதே தப்பு நாலு இடத்தில் இருப்பதை நானே கண்டுபிடித்தேன்.

மார்க் கூடவில்லை, 11 தான். வீட்டிலும் சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதான் குரல் ஒரு மாதிரி இருந்ததா?" என்று மட்டும் கேட்டார். ஆறு வாரமாக "நல்லா இருக்கேன்" என்றதை நம்பவே இல்லை போல.

மூன்றாம்மாடி அக்கா, வெளியே வந்தபோது கதவுக்குப் பக்கத்தில் ஒருத்தி அதே தாளோடு நின்றுகொண்டிருந்தாள். முந்தைய நாள் அவளும் ஒரு முறை வந்து திரும்பிப் போனாளாம். நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து அந்த மூன்றாவது கேள்வியைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்த்தோம். அது உங்கள் கணக்கில் வராது, வேலை நேரம். அதற்குப் பிறகு வெறுமனே பேசிக்கொண்டிருந்தது ஒன்றே கால் மணி நேரம். இன்னும் 88 மணியும் முக்காலும் பாக்கி.


#17 மூன்றாம்மாடி
வியாழன், மாலை 6.58

நிமிடக் கணக்கு வரைக்குமா! கணக்குப் பிள்ளை என்பது சரியாகத்தான் இருக்கிறது.


#18 சுண்ணக்கட்டி
வியாழன், இரவு 9.15

அந்தத் தாள் இன்னும் பையிலா இருக்கிறது?


#19 கரைதேடி
வியாழன், இரவு 9.22

இல்லை சார், அவளிடம் இருக்கிறது. எழுதி எடுத்துக்கொள்ள வாங்கிப் போயிருக்கிறாள். அவளுக்கு 9. என் 11-ஐப் பார்த்துவிட்டு, "இவ்வளவு எப்படி வாங்கினாய்?" என்று கேட்டாள்.